புஷ்பவதி அக்கா வீட்டுப் படி

ஆகஸ்ட் 6, புதன்
ஒக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தொடங்கினேன். "ஒன்பது ஆண்டுகளாக எமது மண்டபத்தில் ஒரு விபத்தும் நிகழவில்லை." சென்ற ஆண்டின் வரிதான், எட்டை ஒன்பதாக்கியது மட்டுமே செயலாளரான என் உழைப்பு. எழுதி முடிக்கவும் பின்பக்கம் சத்தம். முதியோர் மதிய உணவுக்குத் தொண்டாகச் சமைக்கும் புஷ்பவதி அக்கா, சோற்றுச் சட்டியோடு பின்படியில் விழுந்திருந்தார். சோறு சிந்தவில்லை. மணிக்கட்டுத்தான் வேறு திசையில் இருந்தது.

ஒடாஹுஹு கிளினிக்கில், ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்புறுதிப் படிவத்துக்காக, எங்கே விழுந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். "அற் ஹோம்" என்றார் அக்கா, கண் இமைக்காமல். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் தடுப்பூசி அட்டவணை இருந்தது. அதை ஆழ்ந்து வாசித்தேன்.

ஆகஸ்ட் 7
இரண்டு எலும்பும் முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர். விமான நிலையத்துப் பக்கம் சலவை ஆலையில் அக்காவுக்கு வேலை. ஒற்றைக் கையால் முடியாது. வீட்டு வாடகை இனி ஏசிசி தரும் வாராந்தப் பணத்தில்தான்.

ஆகஸ்ட் 13, புதன்
பிளாஸ்டரோடு வந்து, கதிரையில் இருந்தபடியே நாற்பது பேருக்குச் சமைப்பித்தார். உப்பை வாசனையிலேயே கண்டுபிடிக்கிறார்.

தச்சு வேலை செய்யும் ராஜூ, மலேசியாக்காரர், மெதுவாகச் சொன்னார்: "மார்ச்ல எனக்கு முதுகு போனதும் அதே படிலதான். வீட்லன்னு சொல்லிட்டேன் லா. நம்ம மண்டபத்து பேர எதுக்குக் கெடுக்கணும்? பலகை வண்டிலேயே கிடக்கு. நீங்க தீர்மானம் போடுங்க, நான் ஆணி அடிக்கிறேன்."

மண்டபத்தில் அடிபட்ட மற்றத் தொண்டர்களையும் விசாரித்தேன். ஷாமளாவின் கணுக்கால்? வீட்டில். கோதண்டராமனின் கால்விரல்? அதுவும் வீட்டில்.

ஆக, ஒக்லாந்தில் தமிழர் வீடுகளைப் போல ஆபத்தான இடம் இல்லை. எங்கள் மண்டபத்தைப் போலப் பாதுகாப்பான இடமும் இல்லை. எங்கள் பாதுகாப்புத் திட்டம் இந்த நாலு பேரின் வாய்தான். இவ்வளவு விசுவாசமான திட்டம் வேறெந்த நிறுவனத்திலும் நான் கண்டதில்லை.

ஆகஸ்ட் 19
வீட்டு உதவி தேவையா என்று பார்க்க, அக்காவின் பாபடோயிட்டோய் வீட்டுக்கு ஏசிசியிலிருந்து ஒரு பெண் வந்தாராம். விழுந்த படியைக் காட்டச் சொன்னாராம். அந்த வீடு தரையோடு தரை. படியே கிடையாது.

"கழட்டிப்போட்டம் எண்டு சொன்னன், தம்பி."

மகள் கஜந்தினி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். "அம்மா, ஐ'ம் நாட் சேயிங் தட்." வந்த பெண் ஏதோ குறித்துக்கொண்டு போனாராம்.

"பொய் எண்டு காசை நிப்பாட்டினா வாடகைக்கு என்ன செய்யிறது?" அக்கா பயந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 20, புதன்
விதிகளை வாசித்தேன். வீடோ தெருவோ மண்டபமோ, விழுந்தால் காப்பு உண்டு. யார் பிழை என்ற கேள்வியே இல்லை. சம்பளமில்லாத தொண்டு, வேலையாகக் கணக்கில் வராது. ஆனால் வாராந்தப் பணம் சலவை ஆலைச் சம்பளத்தைப் பார்த்துத்தான். அதாவது அந்தப் பொய்யால் யாருக்கும் சல்லிப் பயன் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன்.

"மண்டபத்தின்ர பேரை நான் எழுதிக் குடுக்க மாட்டன். பேர் குடுத்தா ஆக்கள் தேடி வருவினம். சண்டைக் காலத்தில ஊரில கண்டனான்."

"இது அந்த ஊர் இல்லை, அக்கா."

"வந்தா ஆரைக் கேப்பினம்? செயலாளரை. படியைப் பற்றி மினிட்ஸில மூண்டு தரம் எழுதினது நீர்தானே?"

தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பொய் சொன்னார் — எனக்காக. "பின்படி விரைவில் சீர்செய்யப்படும்." மூன்று கூட்டங்கள், மூன்று தரம், ஒரு எழுத்துப்பிழை இல்லை. சீ, என்ன மனிசன் நான்?

கடைசியில் சம்மதித்தார். "சரி, அவையோட கதையும். உம்மட பேரை மட்டும் சொல்லாதையும்."

ஏசிசிக்கு அழைத்தேன். முதலில் என் பெயரைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 22
இடத்தைத் திருத்திவிட்டார்கள். பணம் நிற்காது. அக்கா வீட்டுக்கு வந்த அதே பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படியைச் சரிசெய்துவிட்டீர்களா?"

ஆகஸ்ட் 23
ராஜூ ஆணி அடித்தார். தீர்மானம் இல்லாமல்.

செப்டம்பர் 24, புதன்
அக்காவின் பிளாஸ்டர் போன கிழமை வெட்டியாயிற்று. திங்கள் முதல் ஆலைக்குப் போகிறார். மண்டபத்தில் புதிதாகத் திறந்த விபத்துப் பதிவேட்டில் நாலு பதிவுகள், அவரவர் கையெழுத்தில். ஆண்டறிக்கையின் அந்த "ஒன்பது ஆண்டுகள்" வரியை நீக்கிவிட்டேன். அறிக்கை இப்போது கொஞ்சம் உண்மை போலத் தெரிகிறது.

இன்று சாம்பார்ச் சட்டி மூடியைத் தூக்கி விரலைச் சுட்டுக்கொண்டேன். அக்கா விரலைத் தண்ணீரில் பிடித்துவிட்டு, பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"சின்னக் காயம்தானே. வீட்டில எண்டு சொல்லட்டோ, அக்கா?"

"நீர் வீட்டில சட்டி தொடுறேல்லை எண்டு ஒக்லாந்துக்கே தெரியும். எழுதும்."

எழுதினேன். ஐந்தாவது.