குலுங்காத கார்

என் அருமை மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய பந்தயக் கார் ஒன்று வந்தது. ஓட்டினால் ஒரே குலுங்கல்; காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. கம்பெனி போட்ட ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தது. அதோடு அதன் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் வளையங்களையும் மாற்றச் சொன்னேன்.

"படிச்ச எங்களுக்கே தெரியல, பெரியவரே! உங்களுக்கு மட்டும் எப்படி?" என்றார் மேனேஜர்.

"மாத்தியும் குலுங்கினா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிடுறேன்" என்றேன்.

அன்று நீ நிறைமாதமாக இருந்தபோது, நான் ஓட்டிய வாடகைக் காரின் பின்சீட்டிலிருந்து, "இன்னும் தூக்கிப் போடுதுங்க" என்று நீ சொல்லச் சொல்ல, கழற்றிப் பூட்டிக் கற்ற தொழில் இது. அவருக்கு எப்படிப் புரியும்?

மாற்றினேன். அவரே ஓட்டிப் பார்த்தார். துளிக் குலுங்கல் இல்லை. தன் தப்பை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிவிட்டார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் நாலு வரி வை.

அடுத்த கார் காத்திருக்கிறது. தோற்றிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன்.

உன் வீட்டுக்காரன்