வகுப்பில் ஒரு விருந்தாளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால்தான் படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கிறது. மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாள். கொஞ்சம் நடக்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டைக்குள் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். தூரதேசம் போனால் அக்காவின் அளவுகூடவா மறந்துபோகும்?

சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். நேற்று லாரிக்காரர் வீட்டுக்குப் போனேன். கலவரத்தன்று கொளுத்த வந்த கும்பலுக்கு நம் கடையைக் கை நீட்டிக் காட்டிய அதே லாரிக்காரர். உள்ளே அப்பா இருந்தது தெரியாது என்று கோர்ட்டில் சொன்னவர். அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்திருந்தேன். மிதித்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் முழுதாகப் படி.

சமாதானம் வந்தபின் லாரிக்காரர் சனங்களின் பள்ளியையும் நம் பள்ளியையும் ஒன்றாக்கியதை எழுதியிருந்தேன். இந்த வருஷம் அவருடைய மகள் என் நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்ததை எழுதவில்லை. முதல் நாள் பெயர் கூப்பிடும்போது அவள் அப்பன் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

வகுப்பில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். வாய் ஓயாது. கணக்கு தப்பினால் “மூளையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா” என்பேன். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். அவள் ஒருத்தியை மட்டும் நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவள் கணக்கு தப்பாக இருந்தால் பக்கத்தில் சரியான விடையை நானே எழுதிவிடுவேன். நேரங்கழித்து வந்தால் “பரவாயில்லம்மா, உக்காரு” என்பேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. ஒரு தடவை குரலை உயர்த்தினால் எங்கே போய் நிறுத்துவேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவின் சாவை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கொட்டிவிடுவேனோ என்று பயந்தேன்.

கூத்து என்னவென்றால், இதற்கு எனக்குப் பாராட்டு வேறு. நல்லிணக்கப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரியிடம் தலைமை ஆசிரியர், “யாரோட பிள்ளையை இவங்க எப்படி வச்சிருக்காங்க பாருங்க” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். மாலை போடாத குறைதான். அவளையும் என்னையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவளுக்கு ‘விருந்தாளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளையாட்டில்கூடச் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் விழுந்து எழுந்தால் டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தபோது நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன மாதம் அவள் வருவது நின்றுபோனது. காய்ச்சல் என்று நினைத்தேன். அத்தை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கே அவர்கள் சனத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி இருக்கிறது என்று பள்ளி ஆயா சொன்னாள். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று மூச்சுகூட விட்டேன். பிறகு என்னை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் புள்ள என்னடி பண்ணுச்சு” என்று மட்டும் கேட்டாள்.

நேற்று போனபோது லாரிக்காரர்தான் கதவைத் திறந்தார். என்னை உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியைத் தூக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். பார்த்ததும் இரக்கம் வந்தது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். வரவில்லை. பிள்ளை உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடியே, “எல்லாரையும் திட்டுறீங்க டீச்சர். என்னை மட்டும் திட்ட மாட்டேங்குறீங்க. எங்கப்பா பண்ணதுக்குத்தானே?” என்றாள். லாரிக்காரர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. இல்லை என்று சொன்னால் பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆமாம் என்றேன். அதற்குத்தான், ஆனால் தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவள் அழவில்லை. நான்தான் அங்கேயே நின்று அழுதேன். நாளைக்குப் பள்ளிக்கு வா என்றேன். தலையை அசைத்தாள். சம்மதமா மறுப்பா என்று புரியவில்லை.

இன்று அவள் இடம் காலியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பெட்டி கட்டியாகிவிட்டதாம். நாளை மறுபடியும் போகப் போகிறேன். பஸ் கிளம்பும்வரை தினமும் போவேன். அவள் வருவாள் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவுதான். ஒரு வருஷம் செய்ததை ஒரு வாரத்தில் சரிசெய்துவிட முடியுமா?

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. அந்த நெருப்புக்குள் புகுந்து அப்பாவை வெளியே இழுத்து வந்தவன் நீ. உன்னைச் சரி என்று சொல்லவைக்க எனக்கு உரிமை இல்லை. உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. வாயில் என்ன வருகிறதோ அத்தனையும் எழுதி அனுப்பு, அக்கா என்று பார்க்காதே. ‘நலம், அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்று மரியாதையாக இரண்டு வரி மட்டும் எழுதிவிடாதே, தம்பி.

உன்
அக்கா