வண்டித் தண்ணீர் எங்கே போனது

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
19-5-2002

அன்புள்ள புகழேந்திக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அன்புச்செல்வியும் இனியாக் குட்டியும் உடம்பு வாடாமல் இருக்கிறீர்களா. இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, வடகம் போடத்தான் உதவும். உங்களுக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, காரை விற்றுவிடுங்கள், இனி அவர் ஓட்டவேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை முதலில் பிரித்தவர் அவர்தான். மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எதற்கெடுத்தாலும் கத்துகிற மனிதர் கத்தாமல் இருந்தது எனக்குப் பயமாகிவிட்டது. உன்மேலும் தப்பில்லை, உனக்கு எழுதியதே நான்தானே. கீழ்பென்னாத்தூரில் கன்னியம்மாள் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டி கொதித்து நடுரோட்டில் நின்றது, ஆறவிட்டுத் திறந்தால் ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில ஊத்தினேன், சத்தியமா ஊத்தினேன் என்று அப்பா அடித்துச் சொன்னார். மெக்கானிக் வேடியப்பன் அடியில் படுத்துப் பார்த்தார், ட்யூபை எல்லாம் அழுத்திப் பார்த்தார், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அதன் கம்பியை உருவிப் பார்த்தார். கீழ ஒரு சொட்டு ஒழுகல சார், ஊத்த மறந்துட்டிருப்பீங்க என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது. நீ சொன்னபடி இன்ஜின் சூடாகாமல் இருக்க அந்தப் பச்சைக் கூலன்ட்டைத் தண்ணீரில் கலந்து தினமும் ஊற்றுவதாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் காலையில் காரின் பானட்டில் சந்தனப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். கோயிலுக்குக் கூப்பிட்டால் கூட்டம் என்று நழுவுகிறவருக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதே என்று கேலிகூடச் செய்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் எங்களுக்குள் வேறொரு சண்டை. காரில் நான் உட்காருகிற பக்கம் கீழே விரித்திருக்கும் மேட் எப்போதும் ஈரம். கோயில்ல காலைக் கழுவிட்டு அப்படியே ஏறுற என்பார். போதாததற்கு எறும்பு வேறு, பிரதோஷத்துச் சர்க்கரைப் பொங்கலை நான் சிந்திவிட்டேன் என்று அதற்கும் பேச்சு. ரோஷம் வந்து வியாழக்கிழமை அந்த மேட்டைத் துவைத்துக் காயப்போட்டு, உள்ளேயும் துடைத்து வைத்தேன். மறுநாள் நான் ஏறவே இல்லை, அவர் மட்டும் செங்கம் ரோடு வரை போய்வந்தார். பார்த்தால் திரும்பவும் ஈரம், எறும்பு சாரைசாரையாக டாஷ்போர்டுக்கு அடியில் ஏறுகிறது. தொட்டால் பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டியது, மோந்தால் தித்திப்பு வாசனை. உடனே வேடியப்பனை வரச்சொன்னேன். அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ டேராடூனில் இருந்தபோது வாங்கிய வண்டியல்லவா, அந்தக் குளிருக்கு உள்ளே ஹீட்டர் இருக்கிறது, இன்ஜினில் ஓடுகிற சுடுதண்ணீர் அதற்குள்ளும் போய்வருமாம். அது ஓட்டையாகி, தண்ணீரெல்லாம் வண்டிக்குள்ளேயே மேட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சில் இறங்கியிருக்கிறது. ரோட்டில் எப்படிச் சொட்டும்? நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கும்மா என்று அதற்குப் போகிற இரண்டு ட்யூபையும் ஒன்றோடொன்று சேர்த்து, ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் செய்துவிட்டார். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் இப்போது நடுவைத் தாண்டுவதில்லை.

அப்பா குதிப்பார், வேடியப்பனைத் திட்டுவார் என்று பார்த்தேன். அப்போ நான் ஊத்தியிருக்கேன், இல்ல? என்று மெதுவாகக் கேட்டார். ஆமாங்க சார் என்றார் அவர். என் பக்கம் திரும்பி மறுபடியும் அதையே கேட்டார். ஊத்தியிருக்கீங்க என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது அவரே சொன்னார். தண்ணீர் ஊற்றிய கையோடு பொட்டு வைப்பாராம், ஊற்றியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளமாம். பொட்டு இருக்கும், தண்ணீர் இருக்காது. ஊற்றாமலே பொட்டு வைத்துவிட்டோமோ என்று தன்மேலேயே பயம் வந்து, தினமும் படுத்தபிறகு நம் வீட்டில் எல்லோருடைய பெயரையும் பிறந்தநாளையும் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாராம். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லையே புகழு. நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

அதனால் கண்ணு, அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்படுவார். வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள், நாலு பக்கத்துக்குப் பதில் வரும். நீயும் உன் வண்டியில் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடு, சூட்டோடு மூடியைத் திறக்காதே. கூலன்ட் விஷமாம், இனியா கைக்கு எட்டாமல் வை. லீவுக்கு நீங்கள் வரும்போது மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்து வருவேன் என்கிறார், வேண்டாமென்று சொல்லிவிடாதே.

இன்று காலையும் தண்ணீர் பார்த்துவிட்டு பானட்டில் பொட்டு வைத்தார். இன்னும் எதுக்குங்க என்று கேட்டேன். இது சாமிக்கு என்றார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா
கஸ்தூரி