வெறும் கூடு

ஜூன் 3, 2025 – செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரீராம்புரத்தில் இந்தச் சந்துக்கு வராமல் வேறு எங்கே போகும். நாகேஷ் வண்டியைக் கொண்டுவந்தான். என் பெண்டாட்டி விஜியின் தம்பி, அதனால் முதல் வேலை அவனுடையது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிற டாக்ஸி. சொந்த வண்டி, சிஎன்ஜி. மேம்பாலம் ஏறினால் இழுக்கவே மாட்டேன் என்கிறது என்றான். சைலன்சர் பைப்பில் இருக்கிற கன்வர்ட்டர் அடைத்துவிட்டது, புதுசுதான் போடணும் என்று ஷோரூமில் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். கன்வர்ட்டரை அறுத்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற கல்லைத் தட்டி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டினேன். புகையில் இருக்கிற விஷத்தைக் குறைக்கிற கல் அது. இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், இன்னும் நன்றாகவே ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"மாமா, இது சட்டப்படி சரியா?" என்று கேட்டான்.

"எவன் ரோட்டுல மல்லாந்து படுத்துப் பாக்கப் போறான்?" என்றேன். சிரித்துவிட்டான்.

தட்டி எடுத்ததை வழக்கம்போல ஒரு பையில் போட்டு, டேக் கட்டி, வண்டி எண், தேதி, 'உத்தமன்' என்று என் கையெழுத்து எல்லாம் வைத்து டிக்கியில் சிலிண்டருக்குப் பின்னால் செருகினேன். கழற்றியதைத் திருப்பிக் கொடுக்காத மெக்கானிக் திருடன். இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான் இப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜூன் 4

நாகேஷ் போன். வண்டி பறக்கிறதாம்.

ஜூன் 12 – வியாழன்

நாகேஷ் வண்டிக்கு எமிஷன் டெஸ்ட். ரோட்டோரம் வேனில் டெஸ்ட் எடுக்கிற பரத்திடம் நானே ஓட்டிக்கொண்டு போனேன். திரையில் எண் ஏறியதைப் பார்த்துப் பரத் என் முகத்தைப் பார்த்தான். பிறகு புகையை அளக்கிற குழாயைச் சைலன்சரிலிருந்து பாதி வெளியே இழுத்து வைத்துக்கொண்டு சர்ட்டிஃபிகேட் அடித்தான்.

"அண்ணா, கம்பெனி வெச்சத மாத்துனா குத்தம். புடிச்சா ஃபைன், ஆர்.சி.யவே நிறுத்தி வெப்பாங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். எனக்கு லைசென்ஸ் போயிடும். இதுதான் கடைசி," என்றான்.

போன தடவையும் கடைசி என்றுதான் சொன்னான். செப்டம்பரில் ஆர்.டி.ஓ.வில் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குப் போகும்போது எங்கிருந்தாவது ஒரு நல்ல கன்வர்ட்டரை ஒரு நாளைக்கு வாங்கி மாட்டி, காட்டிவிட்டுக் கழற்றிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூன் 22 – ஞாயிறு

நாகேஷ் சாப்பிட வந்தான். கொஞ்ச நாளாக மத்தியானம் ஆனால் தலைவலி, குமட்டல் என்றான். "வெறும் வயித்துல டீயா குடிச்சா வேற என்ன வரும்?" என்று விஜி திட்டினாள். கண்ணைக் காட்டு, பவர் ஏறியிருக்கும் என்று நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன்.

காலை டிராப் முடிந்து சாயங்காலப் பிக்கப் வரைக்கும் கம்பெனிக்கு வெளியே வண்டியிலேயே தூங்குகிறானாம். மழை என்பதால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொள்கிறானாம். அங்கே எல்லா டிரைவர்களும் அப்படித்தானாம்.

ஜூலை 8 – செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும்.

நாலரைக்கு ஒரு டிரைவர் போன் பண்ணினான். பிக்கப் நேரம் தாண்டியும் நாகேஷ் போன் எடுக்கவில்லை, போய்ப் பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறான், தட்டினால் அசைவில்லை. கல்லால் கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்திருக்கிறார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஐ.சி.யு.வில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தான். முகம் நன்றாக இருக்கிறது, தூங்குகிற மாதிரி. அதுதான் பயமாக இருந்தது.

கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். வாடையே கிடையாது, தூக்கத்தில் தெரியாது, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார். "வண்டியில எக்ஸாஸ்ட் ஏதாவது லீக்கா?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் மெக்கானிக். நான் சொல்லவில்லை.

ஜூலை 9

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. ஏசி போட்டுட்டுத் தூங்கலாமா, படிச்சுப் படிச்சுச் சொல்றாங்களே, கேக்குறானுங்களா. விஜியும் அதையே சொல்லி அழுகிறாள். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

ஜூலை 11 – வெள்ளி

போலீஸ் எடுத்துப்போன வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. லைசென்ஸ், சார்ஜர், டிபன் பாக்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி விஜி அனுப்பினாள். அனுப்பாவிட்டாலும் போயிருப்பேன்.

செருப்பை எடுக்கிற மாதிரி குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே, என் வெல்டிங். முன்பக்கம் அழகாக இருக்கிறது. கை எட்டாத பின்பக்கம், மயிரிழை போல ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கறுப்பு. அதற்கு மேலேயே தரையில் ஒரு ஓட்டை, கேஸ் கிட் வைத்தவன் ஒயர் இழுத்துவிட்டு ரப்பர் போடாமல் விட்டது. மாட்டின அன்றைக்கே அந்த ஓட்டையை நான் பார்த்தேன். மழை, அவசரம், விட்டுவிட்டேன்.

கல் உள்ளே இருந்திருந்தால் இந்த விரிசலே வந்திருக்காது. நான் அறுத்திருக்கவே மாட்டேனே. வந்த புகையிலும் இவ்வளவு விஷம் இருந்திருக்காது.

டிக்கியைத் திறந்தேன். பை அப்படியே இருந்தது. டேக்கில் என் கையெழுத்து. எடுத்துச் சட்டைக்குள் செருகப் பார்த்தேன், கனமாக இருந்தது, முடியவில்லை. கான்ஸ்டபிள் அது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். "ஹளே சாமான் சார்" என்றேன். பழைய சாமான்தானே, போ என்று கையை ஆட்டினார்.

இப்போது பை ஷெட்டில் மேஜைமேல் இருக்கிறது. இது இல்லாவிட்டால் நான் போலீஸில் மாட்டமாட்டேன். இது எனக்குத் தெரியும் என்பதால்தான் எடுத்தேன். வேறு காரணம் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஜூலை 12

டேக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினேன். போன வருஷத்திலிருந்து 'கன்வர்ட்டர் காலி' என்று என் கையால் எழுதியது நாகேஷைத் தவிரப் பதினொன்று. ஆறு பேர் டாக்ஸி டிரைவர்கள். அவர்கள் மத்தியானம் எங்கே தூங்குவார்கள்?

ஜூலை 13 – ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறான், ஆனால் வார்த்தையைத் தேடித் தேடி. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிறது. விஜி மருந்து வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என் தப்புதான். நீ ரெடி பண்ணிக் குடுத்த வண்டிய நான்... உங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம். மன்னிச்சிடு மாமா."

எங்கிட்ட மன்னிப்பு கேக்குறான். நான் கொன்னிருப்பேன்டா உன்னை, எங்கிட்டயா கேக்குற.

பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 14 – திங்கள்

விஜியிடம் சொன்னேன். சமையல்கட்டில் பையை அவள் முன்னால் வைத்து, டேக்கைக் காட்டி, விரிசல், ஓட்டை, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா இது உங்ககிட்ட இருக்கா?"

"ஆமா."

"அவன் மேல தப்புன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தீங்க."

"இதே மாதிரி இன்னும் எத்தனை வண்டி?" என்றாள். பதினொன்று என்றேன். அடுப்பை அணைத்தாள்.

"மொதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க. அப்புறம் நாகேஷ்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட இப்ப எதுவும் பேசாதீங்க."

ஜூலை 15

ஒன்பது பேர் எடுத்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள், வண்டியைக் கொண்டுவாருங்கள், என் செலவிலேயே கன்வர்ட்டர் போடுகிறேன் என்றேன். ஓடுது, விடுங்கண்ணா என்றான் ஒருத்தன். அவன் வீடு மல்லேஸ்வரத்தில், நேரில் போக வேண்டும். இன்னொருவர் டெஸ்மண்ட், வருஷா வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதே காரில் வேளாங்கண்ணி போகிறவர். "உத்தமா, நீதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன?" என்றார். ஆமாம், நான்தான் என்றேன்.

இரண்டு எண்கள் ஸ்விட்ச் ஆஃப்.

சாயங்காலம் நாகேஷிடம் சொன்னேன். நான் ஸ்டேஷனில் சொன்னால் ஒரு பைசா இன்சூரன்ஸ் வராது, வண்டிச் சொந்தக்காரன் என்று உன்மேலும் கேஸ் வரும் என்பதையும் சொன்னேன். நீ வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன் என்றேன். இதையும் அவன் தலையில்தான் வைத்தேன் பார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ரொம்ப நேரம் கழித்து, "சொல்லிடு" என்றான். மாமா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 16

ஸ்டேஷனில் பையைக் கொடுத்தேன். அதே கான்ஸ்டபிள். நாற்காலியைக் காட்டினார். மூன்று பக்கம் எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 9 – சனி

ஏழு வண்டிகளுக்கு மாற்றியாகிவிட்டது. மல்லேஸ்வரத்துக்காரன் நான்காவது தடவை போனபோதுதான் சாவியைக் கொடுத்தான். ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்த இரண்டில் ஒரு எண் கிடைத்துவிட்டது. இன்னொன்று இன்னும் ஸ்விட்ச் ஆஃப்தான். தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் அதற்குத்தான் முதல் போன். விஜி சோறு போடுகிறாள், பேச்சில்லை.

செப்டம்பர் 20 – சனி

கோர்ட்டில் நாகேஷுக்கு அபராதம், எனக்கு அடுத்த மாதம் தேதி. வண்டி வெளியே வந்துவிட்டது. புதுக் கன்வர்ட்டரை ஷோரூமில் போட்டார்கள், நான் கை வைக்கவில்லை. எஃப்.சி.யும் ஆகிவிட்டது. இன்னும் ஆறு மாதம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வண்டியை நான் ஓட்டி அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். விஜி பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

நாயண்டஹள்ளி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றப் பட்டனில் கை வைத்தேன். நாகேஷ் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. "வேணாம் மாமா" என்றான்.

கையை எடுத்துவிட்டேன். விஜி பின்னால் தன் பக்கத்துக் கண்ணாடியையும் முழுக்க இறக்கினாள். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள். ஸ்ரீராம்புரம் வரைக்கும் மூன்று பேரும் நனைந்துகொண்டே வந்தோம்.