துணி அடைத்த மணி

என் அப்புக்குட்டி,

உன் குதிரை வந்து சேர்ந்துவிட்டது. இன்சீனில் நம் வீட்டுப் பின்பக்கம், நீ அடித்த முளையிலேயே கட்டியிருக்கிறேன். தவிடு வைத்தால் தின்கிறது. ஊரைச் சுற்றும் வட்ட ரயில் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் காதைத் திருப்புகிறது. அதற்கு நான் என்ன சொல்ல?

முதலாளிகளின் வேட்டைக்கு உன்கூட ஷான் மலைக்கு வந்த உன் மச்சான், உன்னை அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் கழுத்து மணியை என் மடியில் வைத்தார். மணிக்குள் துணி அடைத்திருந்தது. உருவிப் பார்த்தேன். தீபாவளிக்கு நான் உனக்கு எடுத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட லுங்கியில் கிழித்தது.

அப்புறம்தான் வாய் திறந்தார்.

"சாமான் சுமக்குற கோவேறு கழுதைங்கள எங்க கட்டினான் உன் தம்பி? குதிரைக்கு மட்டும் முன்னங்காலப் பிணைச்சு மேய விடுவான். மணிச் சத்தம் கேக்குற வரைக்கும் கழுதைங்க அத விட்டு நகராது. சத்தத்துல மான் ஓடிருது, மணிய அடைன்னு முதலாளி கத்தினான். 'சயா, மணி இல்லேன்னா கழுத நிக்காது'ன்னான் அப்பு. முதலாளி துப்பாக்கிய மடியில வெச்சுக்கிட்டு, 'நிக்கலேன்னா நீ போய்க் கூட்டிட்டு வா'ன்னு சிரிச்சான். அப்பு தன் லுங்கியக் கிழிச்சு மணிக்குள்ள அடைச்சான்."

விடிந்தபோது பனியில் ஒரு கழுதையும் இல்லையாம். தேடிப் போன வழியில் கண்ணிவெடியை மிதித்தாய். அந்தக் கண்ணிவெடியை யார் புதைத்தது என்று யாரும் சொல்வதில்லை. மத்தியானம் கழுதைகள் தாமாகவே திரும்பி வந்தனவாம், அப்பு.

இப்போது அடுத்த வேட்டைக்கு அதே முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறான். உன் மச்சான் போகிறேன் என்கிறார்.

"இங்க இருந்து என்னத்தப் பண்ண? மார்க்கெட்ல மூட்ட தூக்கவே ஆள் முண்டியடிக்குது."

"மறுபடி மணிய அடைக்கச் சொன்னா?"

"முடியாதும்பேன்."

"அவன் கையில துப்பாக்கி இருக்குமே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

உன் மேல் சத்தியமாகக் குதிரையைக் கொடுக்க மாட்டேன். மணியைப் புளி போட்டுத் துலக்கி அதன் கழுத்திலேயே கட்டிவிட்டேன். இனி அதற்குள் யாரும் எதையும் திணிக்க விடமாட்டேன். ஆனால் எனக்குத் தாலி கட்டிய இந்த மனுஷனை நான் எந்த முளையில் கட்டுவேன்? எதிர்த்துப் பேசினால் போதும் என்று நினைக்கிறார். நீயும்தான் பேசினாய். அன்றைக்கு நீ துணியைக் கீழே போட்டு, முடியவே முடியாது என்று நின்றிருந்தால், அவன் உன்னை உயிரோடு விட்டிருப்பானா?

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா