நான் பிறந்த நாளின் முத்திரை

அன்புள்ள அப்பா,

நம் கார் கம்பெனியின் அறுபதாண்டு வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் பிரேக்கை ஜப்பானில் யாரும் சந்தேகிப்பதில்லை. பழைய பிரேக் சோதனைத் தாள்களில் எல்லாம், சோதித்தவர் கையெழுத்துக்குப் பதிலாக, உங்கள் பெயர் பொறித்த சிவப்பு முத்திரைதான். நான் பிறந்த தேதியிட்ட நாற்பது கார்களின் தாள்களிலும் இருக்கிறது. அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் அம்மாவின் பக்கத்தில் இருந்ததாகச் சொல்வீர்களே?

மேலாளர் குரோயாநகியிடம் கேட்டேன். சிரித்தார்.

"முத்திரைய மேசையிலேயே வச்சுட்டுப் போயிருப்பாரு, யாராச்சும் குத்தியிருப்பாங்க. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். அப்பா பேரக் கெடுக்கவாம்மா உன்ன எழுதச் சொன்னோம்?"

"ஒவ்வொரு காரையும் சோதித்தோம்" என்ற வரி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அன்று எங்கே இருந்தீர்கள் என்று நீங்களே எழுதுங்கள், அப்பா. தொழிற்சாலையில் என்றால் வரி அப்படியே இருக்கும்; ஆஸ்பத்திரியில் என்றால் எடுத்துவிடுவேன்.

அம்மாவிடம் நேற்றே கேட்டுவிட்டேன்.

உங்கள் மகள்