தாழிக்குள் கேட்ட குரல்

என் கோபக்கார மகளுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவின் நாற்பதாம் நாள் காரியத்துக்கு நம் ககேதி மாகாணமே திரண்டு வந்தது. "அவரு போட்ட ஒயினைக் குடிச்ச பிறகுதான் நாங்க ஒயின் போடுற முறையையே மாத்தினோம்" என்று ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

திராட்சை பழுத்துவிட்டது. ஒயின் ஊறுவதற்காக மண்ணில் புதைத்த அந்தப் பெரிய தாழியைக் கழுவத்தான் ஆளில்லை. உள்ளே இறங்குகிறவர் பாடிக்கொண்டே தேய்ப்பது நம் வழக்கம். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் கயிற்றை இழுப்பார். அன்று அப்பாவின் பாட்டு நின்றது. உன் தம்பி இழுத்தான்; உடல்தான் மேலே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரன், "அண்ணி, அதை மண்ணு போட்டு மூடிடுங்க" என்றான்.

"மூடுறதுக்கா அவரு உள்ள எறங்கினாரு? தள்ளுடா!" என்று நானே இறங்கினேன்.

செர்ரி மரப்பட்டையால் தேய்த்தபடி அவருடைய பாட்டை மேல்குரலில் பாடினேன். மூச்சு முட்டி நிறுத்தினேன். கயிறு அசையவே இல்லை. தட்டுத்தடுமாறி ஏறி வந்து உன் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா இழுக்கல? நானும் போயிருந்தா?"

அவன் முகம் வெளுத்திருந்தது. "பாட்டு நிக்கவே இல்லையேம்மா. கீழ்க்குரல் கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு."

அது மூன்று பேர் சேர்ந்து பாடும் மூன்று குரல் பாட்டு. மேல்குரல் என்னுடையது, கீழ்க்குரல் அப்பாவுடையது, நடுக்குரல் உன்னுடையது. நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் அதைக் கடைசிவரை பாடியதே இல்லை. ஒருமுறை வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ.

மேல்குரலோடு காத்திருக்கும்
அம்மா